மலையில் முதல் கிறிஸ்துமஸ்: நீலகிரிக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்த முதல் டிசம்பரில், அம்மா வீட்டில் செய்ததையெல்லாம் அதே நாள் கணக்கில் செய்தேன். அதிரச மாவு இரண்டு நாளாகியும் பதத்துக்கு வரவில்லை. முறுக்கு மறுநாளே நமுத்துவிட்டது. வாசலில் கட்டிய காகித ஸ்டார் ஒரே ராத்திரி மஞ்சில் ஊறி, காலையில் மூங்கில் குச்சி மட்டும் தொங்கியது. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இது மலைம்மா, எல்லாத்துக்கும் ஒரு வாரம் கூடக் குடுக்கணும்" என்றார்.

அந்த ஒரு வாரத்தை எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் எழுதப்போகிறேன். வேலை மாற்றலாகியோ கல்யாணமாகியோ குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வந்து முதல் கிறிஸ்துமஸைச் சந்திக்கும் குடும்பங்களுக்கு இது உதவும். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கூடவே ஒவ்வொரு வழக்கமும் எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். பாதிக்கு மேல் குளிர் நாடுகளில் பிறந்த வழக்கங்கள். சமவெளியில் அவை அலங்காரம். இங்கே குளிரில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அவற்றின் காரணம் புரிகிறது.

நவம்பர் கடைசி வாரம்: முதலில் சபை

திருவருகைக் காலம் நவம்பர் 30ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். அதற்கு முன்பே பெயரைப் பதிந்துவிடுங்கள். சி.எஸ்.ஐ. என்றால் பழைய சபையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிவந்து ஆயரிடம் கொடுத்தால் போதும். கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தையைப் பார்த்து, உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (பங்குக்குள் பக்கத்து வீடுகள் சேர்ந்த குழு) வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கு டிசம்பர் முதல் வாரத்திலேயே பட்டியல் போட்டுவிடுவார்கள். பட்டியலில் உங்கள் வீடு இல்லாவிட்டால் பாட்டு எதிர் வீடு வரை வந்து திரும்பிப் போய்விடும். முதல் வருடம் அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இங்கே ஒரு வார்த்தை உங்கள் காதில் விழும்: நத்தார். கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு நத்தார் என்றுதான் பெயர். போர்த்துகீசியரின் 'நத்தால்' இலங்கைத் தமிழில் நத்தாராகி, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தது. என் மாமியார் நுவரெலியாவில் பிறந்தவர், இன்றைக்கும் "நத்தாருக்கு என்ன துணி எடுக்க?" என்றுதான் கேட்பார். கேத்திப் பக்கம் போனால், இந்த மலையின் பழைய குடிகளான படுகர்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் 1846இல் அங்கே வந்தார்கள். ஒரே மலையில் இத்தனை வகைக் கிறிஸ்துமஸ் இருப்பதால், "இங்கே எப்படிச் செய்வீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டுக்கு வீடு பதில் மாறும்.

டிசம்பர் 8க்குள்: குடிலுக்குப் புல் விதையுங்கள்

குடில் வைக்கும் வீடுகளில் ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்து, அந்தப் பச்சைப் பயிரைப் பெத்லகேம் வயலாக வைப்பது நம் ஊர்களில் உண்டு. சமவெளியில் எட்டு நாள் முன்பு விதைத்தால் போதும். இங்கே முளைவிடவே நாலைந்து நாள் ஆகும். மாதா திருவிழா நாளான டிசம்பர் 8ஐ விதைக்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

கேழ்வரகை ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வையுங்கள். வெள்ளை முளை மூக்கு நீட்டியதும் இரண்டு விரல் உயர மண்ணில் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடுங்கள். பகலில் ஜன்னலோரம், ராத்திரி சமையலறை. தண்ணீரை ஊற்றாதீர்கள், கையால் தெளியுங்கள்; குளிரில் மண் காயாது, வேர் அழுகிவிடும். 24ஆம் தேதி விரல் நீளத்துக்குப் பச்சை நிற்கும். என் பிள்ளைகள் சின்ன வயதில் காலையில் எழுந்ததும் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது அந்தத் தட்டைத்தான்.

குடிலுக்குப் பாசி வேண்டும் என்று சோலைக்காட்டுப் பக்கம் போய் மரத்திலிருந்து உரிக்காதீர்கள். அந்தப் பாசி வளர வருடக்கணக்காகும். அது மழைநீரைப் பிடித்துவைக்கும் பஞ்சு. வைக்கோலும் சாக்குத்துணியும் போதும். 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ் முதன்முதலில் குடிலை அமைத்தபோது வைத்ததும் தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். ஏழை வீட்டில் பிறந்த பிள்ளையை ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

மரமும் ஸ்டாரும்

சமவெளியில் சவுக்குக் கிளையை நட்டுவைப்போம். இங்கே சுற்றிலும் சைப்ரஸும் பைனும் நிற்பதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். வெட்டாதீர்கள். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்கவே தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அனுமதி இல்லாமல் கைவைத்தால் வழக்கு வரும். இரண்டு நல்ல வழிகள் உண்டு. பங்களாக்களிலும் எஸ்டேட்டுகளிலும் சைப்ரஸ் வேலியைக் கத்தரிக்கும்போது கழித்துப் போடும் கிளைகளைத் தோட்டக்காரரிடம் சொல்லிவைத்துக் கேட்டு வாங்கலாம். ஒரு பக்கெட் மணலில் ஊன்றித் தண்ணீர் விட்டால் பத்து நாள் பச்சையாக இருக்கும், வீடே மணக்கும். இல்லாவிட்டால் நர்சரியில் தொட்டியோடு கிறிஸ்துமஸ் மரம் வாங்குங்கள். அடுக்கடுக்காகக் கை விரித்து நிற்கும் அந்த மரத்துக்குச் சொந்த ஊர் பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவு. நான் தொட்டி மரம்தான் வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாக அதே மரம், தொட்டிதான் மூன்று முறை மாறியிருக்கிறது.

எல்லா மரமும் இலை உதிர்த்து நிற்கும் பனிக்காலத்தில் பச்சையாக நிற்கும் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவருவது ஜெர்மானிய நாடுகளின் வழக்கம். 16ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1848இல் விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தபிறகுதான் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பரவியது.

ஸ்டார் விஷயத்துக்கு வருவோம். குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழை வாங்கும் ஊர்கள். டிசம்பர் பாதி வரை மழையும் மஞ்சும் விடாது. காகித ஸ்டாரைத் திறந்த வாசலிலோ மரத்திலோ கட்டாதீர்கள். கூரைச் சாய்ப்புக்குள், சுவரிலிருந்து இரண்டு அடிக்குள் கட்டுங்கள். உள்ளே எல்.இ.டி. பல்பு போடுங்கள். ஒயர் இணைப்பைத் தண்ணீர் இறங்காதபடி டேப் சுற்றி, ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிடுங்கள். ஊட்டியில் டிசம்பர் பிற்பகுதியில் மழை குறைந்து உறைபனி தொடங்கும். அங்கே காகிதம் தப்பிக்கும், செடிகள்தான் தப்பிக்காது.

பல முனை வைத்த காகித நட்சத்திரம் பிறந்தது ஒரு பள்ளிக்கூடத்தில். 1830களில் ஜெர்மனியில் மொரேவியர் என்ற புராட்டஸ்டன்ட் சபையார் நடத்திய பள்ளியில், கணக்குப் பாடத்தில் வடிவியல் சொல்லிக்கொடுக்கச் செய்தது அது. இந்த மொரேவியர்கள் அதற்கு முன்பே, 1760இல், நம் தரங்கம்பாடிக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தவர்கள். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையும் 1733இல் அவர்களிடம் தொடங்கியதுதான். பிள்ளைகளிடம் அட்டையைக் கொடுத்து ஸ்டாரை வீட்டிலேயே செய்யச் சொன்னால், அது தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போன மாதிரி.

சிவப்பு இலை விரிக்கும் பாயின்செட்டியா இங்கே வேலியோரம் ஆள் உயரத்துக்கு வளரும். மெக்சிகோவின் செடி, பகல் குறுகினால்தான் சிவக்கும், அதனால்தான் சரியாக டிசம்பரில் வருகிறது. வீட்டுக்குள் தொட்டியாகக் கொண்டுவந்தால் தெருவிளக்கு படாத இடத்தில் வையுங்கள். கிளை ஒடித்தால் வரும் பால் தோலில் பட்டால் அரிக்கும்.

கேக்: மலைக்குத் தனிக் கணக்கு

இதில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள், ஏனென்றால் சமவெளிக் குறிப்பு அப்படியே இங்கே வேலை செய்யாது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் குன்னூரில் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் குறைவு. கேக் மாவுக்குள் இருக்கும் காற்று சீக்கிரம் விரியும்; உள்ளே வேகுமுன் மேலே எழும்பி, அப்புறம் நடுவில் குழி விழும்.

ஒரு கிலோவுக்குச் சற்று கூடுதலாக வரும் கேக்குக்கு என் கணக்கு இது. மைதா 250 கிராம், வெண்ணெய் 200, சர்க்கரை 200, முட்டை 4, ஊறிய உலர்பழம் 500 கிராம். சமவெளியில் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடும் இடத்தில் முக்கால் டீஸ்பூன் போதும். மாவு இறுகலாக இருந்தால் இரண்டு ஸ்பூன் பால் சேருங்கள். அவனில் 160க்குப் பதில் 170 டிகிரி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு குச்சி குத்திப் பாருங்கள். நிறத்துக்கு 100 கிராம் சர்க்கரையைக் கருகக் காய்ச்சி, அடுப்பை அணைத்து, தள்ளி நின்று அரை டம்ளர் வெந்நீர் ஊற்றுங்கள், தெறிக்கும். பட்டை, கிராம்பு, சாதிக்காயோடு அரை ஸ்பூன் சுக்குப்பொடி போடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

குளிரில் வெண்ணெய் கல்லாக இருக்கும், முட்டையும் ஜில்லென்று இருக்கும். இரண்டையும் சேர்த்தால் திரிந்துபோகும். முட்டையைப் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவையுங்கள். வெண்ணெய்ப் பாத்திரத்தை ராத்திரியே அடுப்பு மேடையில் வையுங்கள்.

பழம் ஊறவைப்பதில் ஒன்றைக் கவனியுங்கள். ரம்மில் ஊறவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆனால் அந்தக் கேக்கை எல்லா வீட்டுக்கும் கொடுக்க முடியாது. இஸ்லாமியச் சிநேகிதி வீட்டுக்கும், மது தொடாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும் தனியாகச் செய்ய வேண்டிவரும். அதனால் நான் நீலகிரித் தேயிலையில் கெட்டி டிக்காஷன் போட்டு, ஆறவைத்து, ஒரு ஆரஞ்சின் சாறும் தோல் சீவலும் சேர்த்து ஊறவைக்கிறேன். இது இரண்டு நாள்தான் தாங்கும். குளிர்தானே என்று வெளியில் ஒரு வாரம் விட்டால் புளித்துப்போகும். 20ஆம் தேதி ஊறவைத்து 22ஆம் தேதி சுடுங்கள். வீட்டில் அவன் இல்லை என்றால், வர்க்கி (இந்த மலையின் மொறுமொறுப்பான அடுக்கு பிஸ்கட்) போடும் பேக்கரியில் பேசிப் பாருங்கள். வேலை ஓய்ந்த நேரத்தில் விறகு அடுப்பின் மிச்சச் சூட்டில் நம் டின்னை வைத்து எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். டின்னில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். அந்த வாரம் எல்லார் டின்னும் அங்கே இருக்கும்.

பிளம் கேக்கில் பிளம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழைய ஆங்கிலப் பேச்சில் உலர்திராட்சைக்கே பிளம் என்றுதான் பெயர். புதுப் பழம் கிடைக்காத குளிர்காலத்துக்காகச் சேர்த்துவைத்த உலர்பழத்தை எல்லாம் போட்டுச் செய்த பண்டம் இது.

பலகாரம்

அதிரசப் பாகுக்கு நேரக் கணக்கு வைக்காதீர்கள், வெப்பமானியையும் நம்பாதீர்கள். இங்கே எல்லாம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினால் மெத்தென்று உருண்டை திரள வேண்டும். அந்தப் பதம் எந்த ஊரிலும் மாறாது. பிசைந்த மாவை நாலு நாள் புளிக்க விடுங்கள். பானையைக் கம்பளித் துணியில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது மாமியார் சொல்லித்தந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

முறுக்கு, அச்சு முறுக்கு, கலகலா மூன்றும் மஞ்சில்லாத வெயில் நாளில் சுட வேண்டியவை. நன்றாக ஆறியபிறகு இறுக்க மூடும் எவர்சில்வர் டின்னில் போடுங்கள். எங்கள் பக்கத்து முந்திரிக்கொத்தை இங்கே பலர் பார்த்ததில்லை. நீங்களும் உங்கள் ஊர்ப் பலகாரம் ஒன்றைச் செய்து தட்டில் வையுங்கள். அடுத்த வருடம் அதைக் கேட்டு வாங்குவார்கள்.

டின்களையும் எண்ணெய்ச் சட்டியையும் வராந்தாவிலோ பின்கட்டிலோ வைக்காதீர்கள். எண்ணெய், வெல்ல வாசனைக்குக் கரடி வரும். கோத்தகிரி, குன்னூரில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லாம் உள்ளே, கதவு தாழ்ப்பாளோடு.

பாட்டு வரும் ராத்திரி

மார்கழி பிறந்ததும் விடியற்காலையில் பஜனை தெருவில் வரும். அதே வாரத்தில் ராத்திரி கேரல் வரும். இரண்டையும் ஒரே ஜன்னலில் நின்று கேட்கலாம். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான். குளிர்காலத்தில் வீடு வீடாகப் போய் வாழ்த்திப் பாடி, சூடாகக் குடிக்க வாங்கிக்கொள்வது இங்கிலாந்தின் பழைய கிராம வழக்கம். இங்கே நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. வாசல் விளக்கை எரியவிடுங்கள். நாயைக் கட்டுங்கள். இருபது பேருக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீயும் ஒரு பெட்டி வர்க்கியும் தயாராக இருக்கட்டும். பேப்பர் கப்புக்குப் பதில் வீட்டு டம்ளர்களையே எடுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது, பிளாஸ்டிக் பூச்சுள்ள கப்பும் அதில் சேரும். காணிக்கைக் கவரை முன்பே எழுதிவையுங்கள். எட்டு மணிக்கு வருவோம் என்றால் பதினொன்றுக்கு வருவார்கள். மலைப்பாதையில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நூறு படி இருக்கும், பாவம். குழுவோடு நீங்களும் போவதானால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டெருமை வழியில் நின்றால் பாட்டை நிறுத்தி, அது போகும்வரை தள்ளி நில்லுங்கள்.

விருந்தாளிகள்

ஊரிலிருந்து வருபவர்களை 22 அல்லது 23ஆம் தேதி மதியத்துக்குள் மலையேறச் சொல்லுங்கள். அதன் பிறகு மேட்டுப்பாளையம் சாலை சுற்றுலா வண்டிகளால் நகராது. வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸ் நடைமுறை 2024 மே முதல் இருக்கிறது, கிளம்புமுன் எடுத்துக்கொள்ளட்டும். மலை ரயிலை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். மழைக்காலத்தில் பாறை சரிந்தால் ரயில் ரத்தாகிவிடும். ஹெத்தையம்மன் பண்டிகையும் டிசம்பர் கடைசி, ஜனவரி முதலை ஒட்டித்தான் வரும். படுகர் ஜனங்கள் வெள்ளை உடையில் ஊர் ஊராக நடந்துபோகும் அந்த நாட்களில் கோத்தகிரிச் சாலையில் நிதானமாகப் போகச் சொல்லுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிருக்காகக் கரி அடுப்பைப் பற்றவைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்க யாரையும் விடாதீர்கள். வாசனையே இல்லாத நச்சுப்புகையில் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைக்கு வந்தவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். கூட இரண்டு கம்பளி, வெந்நீர்ப் பை, குல்லா, இவை போதும்.

24 ராத்திரி, 25 காலை

கத்தோலிக்கக் கோயில்களில் நள்ளிரவுத் திருப்பலி, சி.எஸ்.ஐ.யில் பெரும்பாலும் விடியுமுன் ஆராதனை. நேரம் ஊருக்கு ஊர் மாறும், நோட்டீஸ் போர்டில் பாருங்கள். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டால் அழகு கெடும் என்று நினைக்காதீர்கள். இங்கே எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். இருட்டில் தனியாக நடக்காமல் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து போங்கள்.

ஊட்டிப் பக்கம் இருந்தால் ஒருமுறை புனித ஸ்தேவான் ஆலயத்துக்குப் போய்வாருங்கள். 1830இல் பிரதிஷ்டை செய்தது. மேலே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரங்கள். டிசம்பர் 25இல் இந்தப் பண்டிகையைக் கொண்டாடியதற்குக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று ரோமில் 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கிருந்து இங்கே வர எத்தனை கை மாறியிருக்கிறது என்று அந்த உத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

தட்டு

ஆராதனை முடிந்து வந்ததும் தட்டு கிளம்ப வேண்டும். தீபாவளிக்கு உங்களுக்கு யார் யார் பலகாரம் தந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிவைத்திருந்தால் இப்போது உதவும். முட்டை சேர்க்காத வீடுகளுக்குக் கேக் வைக்காமல் அதிரசமும் கலகலாவும் வையுங்கள். தட்டும் தனியாக இருக்கட்டும், கேக் வெட்டிய கத்தி அதில் படக்கூடாது. இதைச் சொல்லாமலே நீங்கள் கவனித்துச் செய்தது தெரிந்தால் அந்த வீட்டுப் பாட்டி அதை மறக்கமாட்டார். புதிதாக வந்தவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாமல் முதல் வருடம் நீங்களே போங்கள். படியேறிப் போய், கதவைத் தட்டி, "கீழ் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கோம்க்கா, கிறிஸ்துமஸ் பலகாரம்" என்று சொல்லிக் கொடுத்தால், உட்காரவைத்து டீ தராமல் விடமாட்டார்கள். ஆறு வீடு என்றால் ஆறு டீ. காலையில் வயிற்றைக் கொஞ்சம் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 6

மூன்று ஞானிகளின் திருநாளோடு ஸ்டாரை இறக்கலாம். காயவைத்து, மடித்து, டின்னில் போட்டு, கூடவே ரெண்டு கிராம்பு போட்டுவைத்தால் பூச்சி அரிக்காது. தொட்டி மரத்தை வெயிலுக்குக் கொண்டுபோங்கள், உறைபனி இருக்கும் இடமானால் ராத்திரி சாக்குப் போட்டு மூடுங்கள். குடிலின் கேழ்வரகுப் பயிரைக் குப்பையில் போடாதீர்கள். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் யாராவது இருப்பார்கள். எங்கள் தெருவில் கடைசி வீட்டுப் பசுவுக்கு அது வருடா வருடம் போகும். தட்டோடு கொண்டுபோனால் ஒரு சொம்பு பால் ஊற்றித் திருப்பித் தருவார்கள்.